உளப்பிளவு நோயாளரின் ஆயுளைக் குறுக்குவது எது?

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 10ஆம் திகதி உலக மனநல தினம் அனுஷ்டிக்கப்படுகின்றது. அன்றைய தினம் வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. பத்திரிகைகள் சிறப்புக் கட்டுரைகளை வெளியிடுகின்றன. மனநோயாளரை ஏளனம் செய்யலாகாது, ஒதுக்கி வைக்கலாகாது என்றெல்லாம் வலியுறுத்தப்படுகின்றது. இவை யாவும் தேவையானவையே. எனினும், இவற்றுக்கிடையே ஒரு கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படாமலேயே போய்விடுகின்றது. கடுமையான மனநோய்க்கு ஆளானவர்கள் எதனால் இறக்கின்றனர் என்பதே அக்கேள்வியாகும்.

தற்கொலையினாலேயே அவர்களிற் பெரும்பாலானோர் இறக்கின்றனர் என்பது பொதுவான எண்ணம். தற்கொலை ஆபத்து அவர்களிடையே உயர்வாக இருப்பது உண்மைதான். ஆனால், அவர்களின் அகால மரணங்களிற் பெரும்பகுதிக்குக் காரணமாக அமைபவை மாரடைப்பு, நீரிழிவு, சுவாச நோய்கள், தொற்றுநோய்கள் முதலான சாதாரண உடல் நோய்களே ஆகும். கடுமையான மனநோய் உடையோர் ஏனையோரை விடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டியுள்ளது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நிகழும் இம்மரணங்களிற் பல தவிர்க்கப்படக்கூடியவை என்பதே இங்கு கவனத்திற் கொள்ளப்பட வேண்டியதாகும்.

ஆங்கிலத்தில் சிசோபிரேனியா என வழங்கும் உளப்பிளவு நோயை எடுத்துக்கொள்வோம். 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநோய் வைத்தியர் இயூஜின் புளொய்லர் இப்பெயரை அறிமுகப்படுத்தினார். ஒருவருக்குள் இரு மனிதர் வாழ்வதாகத் திரைப்படங்கள் காட்டுவது இந்நோய் அன்று. இல்லாத குரல்கள் கேட்பது, பிறர் தமக்குத் தீங்கு செய்யச் சதி புரிவதாக உறுதியாக நம்புவது, சிந்தனைத் தொடர்பு அறுந்துபோவது, நாளடைவில் ஊக்கமும் உணர்வும் மங்கிவிடுவது என்பனவே இதன் இயல்புகள். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில், சுமார் 2 கோடி 40 இலட்சம் பேர் இந்நோயினால் பாதிக்கப்பட்டுள்ளனர். 2024ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 2 கோடி 17 இலட்சம் மக்களைக் கொண்ட நமது நாட்டுக்கு இவ்விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், எழுபதினாயிரம் பேரளவில் இந்நோயுடன் வாழ்கின்றனர் எனக் கணிக்கலாம். இந்நோய்க்கும் ஏனைய நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது அத்தனை குடும்பங்களையும் தொடும் விடயமாகும்.

மருந்துக்கு முந்திய தொடர்பு

நீரிழிவுக்கும் மனநோய்க்கும் தொடர்புண்டு என்பது இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. சித்தப்பிரமை காணப்படும் குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுகின்றது என இங்கிலாந்தின் மனநோய் வைத்தியர் ஹென்றி மோட்ஸ்லி 1879ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டிருந்தார். உளப்பிளவு நோய்க்கு முதலாவது பயனுள்ள மருந்தான குளோர்புரோமசின் பாரிஸ் நகரில் பயன்பாட்டுக்கு வந்தது 1952ஆம் ஆண்டிலேயாகும். ஆகவே, மோட்ஸ்லி கண்ட தொடர்பை மருந்தின் பக்கவிளைவு எனத் தள்ளிவிட இயலாது.

அண்மைக்கால ஆய்வுகளும் இதனையே உறுதிப்படுத்துகின்றன. நோய் முதன்முதலாகத் தலைகாட்டிய, மருந்து எதனையும் இன்னும் உட்கொள்ளாத இளம் நோயாளரைப் பற்றிய பல ஆய்வுகளை லண்டன் ஆய்வாளர்கள் ஒன்றுதிரட்டி 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்காத நிலை, அதாவது நீரிழிவுக்கு முந்திய படிநிலை, இவர்களிடையே ஏனையோரை விடக் கூடுதலாக இருந்தமை அதில் வெளிப்பட்டது. நமக்கு மிக அண்மையிலுள்ள சென்னையில் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றும், உளப்பிளவு நோயாளரிடையே நீரிழிவு ஏனையோரை விட ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்படுவதைக் காட்டியது. தென்னாசியர் குறைந்த உடல் நிறையிலேயே நீரிழிவுக்கு உள்ளாகின்றவர்கள் என்பதையும் இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும்.

நிர்ப்பீடனமும் பரம்பரையும்

இத்தொடர்புகளின் வேர் எங்குள்ளது என்பதை ஆராய்ந்தோர், நோய்களை எதிர்க்கும் உடலின் நிர்ப்பீடனத் தொகுதியின் பக்கம் கவனத்தைத் திருப்பினர். உளப்பிளவு நோயுடன் தொடர்புடைய பரம்பரையலகுப் பகுதிகள் 108 உள்ளதாக 2014ஆம் ஆண்டில் சர்வதேச ஆய்வுக் குழுவொன்று அறிவித்தது. அவற்றுள் மிக வலுவான தொடர்பு, நிர்ப்பீடனத்தை நிருவகிக்கும் பரம்பரையலகுகள் செறிந்துள்ள பகுதியிலேயே காணப்பட்டது. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, உடல் தன்னையே தாக்கும் தைரொயிட், குடல் சார்ந்த நோய்கள் சிலவற்றுக்கும் உளப்பிளவு நோய்க்கும் இடையே தொடர்பிருப்பதைக் காட்டியது. கோதுமையிலுள்ள புரதத்தை ஏற்காத குடல் நோயை இதனுடன் இணைத்து அமெரிக்க ஆய்வாளர் டோஹன் 1966ஆம் ஆண்டிலேயே கருத்து வெளியிட்டிருந்தார். ஆயினும் மூட்டுவாத நோய் இந்நோயாளரிடையே குறைவாகவே காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. தொடர்பு என்பது எப்போதும் ஒரே திசையில் அமைவதில்லை என்பதற்கு இது சான்று.

பரம்பரைத் தொடர்புக்கு மிகத் தெளிவான உதாரணம் 22ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு சிறு துண்டு இல்லாமற்போகும் நிலையாகும். இக்குறையுடன் பிறக்கும் குழந்தைகளிற் பலருக்கு இதயத்தில் பிறவிக் குறைபாடு காணப்படுகின்றது. சிலருக்கு அண்ணப் பிளவும் நிர்ப்பீடனக் குறைவும் உண்டு. அவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வளர்ந்தபின் உளப்பிளவு நோய்க்கு உள்ளாகின்றார். இதயமும் மூளையும் ஒரே பரம்பரைக் குறைபாட்டினால் பாதிக்கப்படும்போது, ஒன்றை உடல்நோய் என்றும் மற்றையதை மனநோய் என்றும் வேலி போட்டுப் பிரிப்பது எவ்வாறு?

கருவறைக் காலமும் இதில் பங்கு வகிக்கின்றது. 1944-45ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்தில் ஏற்பட்ட போர்க்காலப் பட்டினியின்போதும், 1959 முதல் 1961 வரை சீனாவில் நிலவிய கொடிய பஞ்சத்தின்போதும் கருவுற்ற தாய்மாரின் பிள்ளைகளிடையே உளப்பிளவு நோய் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. அவ்வாறு பிறந்த பிள்ளைகளிற் பெரும்பாலானோருக்கு இந்நோய் ஏற்படவில்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். ஆயினும் கர்ப்பிணித் தாயின் போஷாக்கு, பிறக்கும் பிள்ளையின் உடலோடு மட்டும் நின்றுவிடும் விடயமன்று என்பது இதனால் தெளிவாகின்றது. போரையும் இடப்பெயர்வையும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியையும் கண்ட ஒரு நாடு இதனை இலகுவாகக் கடந்துசெல்ல இயலாது.

மனநோயாகத் தோன்றும் உடல்நோய்

சில வேளைகளில் உடல்நோயே உளப்பிளவு நோயின் வேடம் பூண்டு வருவதுமுண்டு. 2007ஆம் ஆண்டில் வைத்தியர் ஜோசப் டல்மாவும் அவரது சகாக்களும் விவரித்த ஒரு வகை மூளை அழற்சி இதற்குத் தக்க உதாரணம். பெரும்பாலும் இளம்பெண்களைத் தாக்கும் இந்நோயில் முதலில் தோன்றுபவை அச்சம், பிதற்றல், இல்லாத குரல்கள் கேட்டல் என்பனவாகும். பின்னரே வலிப்பும் உணர்விழப்பும் ஏற்படுகின்றன. உடலின் எதிர்ப்புப் பொருட்கள் மூளையின் வாங்கிகளைத் தாக்குவதே இதற்குக் காரணம். சிலருக்குச் சூலகத்திலுள்ள கட்டியொன்றே இதனைத் தூண்டிவிடுகின்றது. கட்டியை அகற்றி, நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் சிகிச்சையும் உரிய காலத்தில் வழங்கப்பட்டால் பெரும்பாலானோர் நலமடைகின்றனர். காலம் கடந்தால் உயிராபத்தும் ஏற்படலாம்.

தைரொயிட் கோளாறு, விற்றமின் பி12 குறைபாடு, சில வகை வலிப்பு நோய்கள், கவனிக்கப்படாத சிபிலிசு ஆகியனவும் மனக்குழப்பத்தைத் தோற்றுவிக்கக்கூடியவை. நமது சமூகங்களில் இத்தகைய அறிகுறிகள் தோன்றியவுடன் வைத்தியசாலைக்கு முன்னதாக வேறிடங்களுக்குச் செல்லும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. பார்வை பார்த்தல், நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல் என்று தமிழ்க் குடும்பங்களும், ஓதிப் பார்த்தல் என்று முஸ்லிம் குடும்பங்களும் வாரங்களையும் மாதங்களையும் கழிக்கின்றன. வழிபாடும் பிரார்த்தனையும் மனதுக்கு ஆறுதல் தருபவை. அவற்றை எவரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால், திடீரெனப் பிதற்றத் தொடங்கிய ஒரு பிள்ளையின் குருதியைப் பரிசோதிக்க ஒரு நாளேனும் தாமதிக்கலாகாது.

மருந்தினால் வரும் சங்கடம்

நோயின் இயல்பிலேயே உடலுக்கு ஆபத்துண்டு என்றால், அதற்கு வழங்கப்படும் மருந்து மற்றோர் ஆபத்தைக் கூட்டுகின்றது. ஒலன்சபின், குளோசபின் ஆகிய மருந்துகள் பசியைத் தூண்டி, உடல் நிறையையும் குருதியின் வெல்லத்தையும் கொழுப்பையும் உயர்த்துவதில் முன்னணியில் நிற்பவை. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நீரிழிவு வைத்தியர்களும் மனநோய் வைத்தியர்களும் கூட்டாக எச்சரிக்கை விடுத்து, இம்மருந்துகளை உட்கொள்வோரின் நிறை, இடுப்புச் சுற்றளவு, குருதி அமுக்கம், குருதி வெல்லம், கொழுப்பு ஆகியன ஒழுங்காக அளவிடப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தனர்.

இதனை வாசித்து எவரேனும் மருந்தை நிறுத்திவிட எண்ணுவாராயின் அது பெருந்தவறாகும். பின்லாந்தில் அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட உளப்பிளவு நோயாளரைப் பதினொரு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2009ஆம் ஆண்டில் வெளியானது. மருந்தே உட்கொள்ளாதோரை விட, நீண்டகாலம் மருந்து உட்கொண்டோரிடையே இறப்பு குறைவாகவே இருந்தது. உடல் நிறையை வெகுவாக உயர்த்தும் குளோசபினை உட்கொண்டோரிடையே இறப்பு மிகக் குறைவாக இருந்தமை பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. குளோசபின் பெறுவோருக்குக் குருதிப் பரிசோதனை ஒழுங்காகச் செய்யப்படுவதும், அவர்கள் அடிக்கடி வைத்தியரைச் சந்திப்பதும் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. மருந்தும் வேண்டும், மருந்து உண்போரின் உடலைக் கண்காணிக்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டிய மேலும் இரு விடயங்கள் உள்ளன. முதலாவது, புகைத்தல் பற்றியது. உளப்பிளவு நோயாளரிடையே புகைத்தல் மிக அதிகம். புகையிலைப் புகையிலுள்ள பொருட்கள் ஒலன்சபின், குளோசபின் ஆகியவற்றை ஈரல் விரைவாகச் சிதைத்து அகற்றுமாறு செய்கின்றன. ஆகையால் புகைப்போருக்குக் கூடிய அளவு மருந்து தேவைப்படலாம். திடீரெனப் புகைத்தலை நிறுத்தினால் குருதியில் மருந்தின் செறிவு ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். புகைத்தலைக் கைவிடுவது மிகச் சிறந்தது. ஆனால், அதனை வைத்தியருக்குத் தெரிவித்தே செய்தல் வேண்டும். இரண்டாவது, குளோசபின் உண்டாக்கும் மலச்சிக்கல். சிறு விடயமெனத் தோன்றும் இது முற்றினால் குடல் இயக்கம் நின்று உயிரையே பறித்துவிடும்.

நோன்புக் காலத்தில் முஸ்லிம் நோயாளர் விடயத்தில் இவ்வவதானம் மேலும் அவசியமாகின்றது. பகற்பொழுதில் நீரருந்தாதிருப்பது மலச்சிக்கலைக் கூட்டக்கூடும். நீரிழிவும் உள்ளவருக்குக் குருதி வெல்லம் தாழ்ந்தோ உயர்ந்தோ போகலாம். மருந்து வேளைகளைத் தாமாகவே மாற்றிக்கொள்வதால் அடங்கியிருந்த நோய் மீளவும் தலையெடுக்கலாம். நோயாளருக்கு இஸ்லாம் சலுகை வழங்கியுள்ளது என்பதைப் பலர் அறிந்திருந்தும், மனநோய் விடயத்தில் அச்சலுகையை நினைவிற் கொள்வதில்லை. ரமழானுக்கு முன்னதாகவே வைத்தியரையும் மார்க்க அறிஞரையும் கலந்தாலோசிப்பது நலம்.

காதில் விழாத முறைப்பாடு

நோயும் மருந்தும் மட்டும் இந்த ஆயுட்குறைவை முழுமையாக விளக்கிவிடவில்லை. மனநோயாளர் ஒருவர் நெஞ்சு வலிக்கின்றது என்று கூறினால், அதனையும் அவரது பிரமையாகக் கருதிவிடும் போக்கு உலகெங்கும் உள்ளது. மாரடைப்பு ஏற்பட்ட ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட முதியோரின் பதிவுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, மனநோய் உடையோருக்கு இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சைகள் குறைவாகவே வழங்கப்பட்டிருந்ததையும், உளப்பிளவு நோயாளர் விடயத்தில் இக்குறைவு மிகுதியாக இருந்ததையும் காட்டியது. கொவிட் பெருந்தொற்றின்போது நியூயோர்க்கில் நடத்தப்பட்டு 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முதுமைக்கு அடுத்தபடியாக மரண ஆபத்தைக் கூட்டிய காரணியாக உளப்பிளவு நோயே இனங்காணப்பட்டது.

2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் இல்லமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட வழியின்றிக் கருகி மாண்டனர். அது உலகையே அதிரவைத்த கொடுமை. வைத்தியசாலை வரிசையில் நின்று, தமது உடல் வேதனையை எடுத்துரைத்தும் நம்பப்படாமல் திரும்பி, சில மாதங்களில் மாரடைப்பினால் இறந்துபோகும் நோயாளரின் கதை எவரையும் அதிரவைப்பதில்லை. வைத்தியரின் மொழியும் நோயாளியின் மொழியும் வேறாக இருக்கும் நமது நாட்டில் இந்த ஆபத்து இன்னும் ஒரு படி கூடுகின்றது.

செய்ய வேண்டியவை

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அனர்த்தத்தை அடுத்து, 2005ஆம் ஆண்டில் தேசிய மனநலக் கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அங்கொடையை மையமாகக் கொண்டிருந்த மனநல சேவை மாவட்டங்களுக்குப் பரவியது. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இன்று மனநலக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. இது மெச்சத்தக்க முன்னேற்றம். ஆயினும் மனநோய்க்கு ஒரு கிளினிக், நீரிழிவுக்கு வேறொரு கிளினிக், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொப்பி, தனித்தனி நாள் என்ற நிலையில், தமது அன்றாட அலுவல்களையே ஒழுங்குபடுத்த இயலாத ஒரு நோயாளி இரண்டுக்கும் தவறாமல் செல்வார் என எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

தொற்றா நோய்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக 2011ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள், தொடக்கத்தில் 40 முதல் 65 வயது வரையிலானோரையே இலக்காகக் கொண்டிருந்தன. பின்னர் ஆரம்ப வயது 35 ஆகக் குறைக்கப்பட்டது. உளப்பிளவு நோயோ பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தோன்றுகின்றது. இருபத்திரண்டு வயதில் மருந்து ஆரம்பிக்கும் இளைஞருக்கு முப்பது வயதிலேயே நீரிழிவு ஏற்பட்டுவிடலாம். பொது மக்களுக்கென வகுக்கப்பட்ட வயதெல்லை இவர்களைக் காப்பாற்றப் போதுமானதன்று. உளப்பிளவு நோய்க்கு மருந்து ஆரம்பிக்கப்படும் நாளிலிருந்தே, வயது எதுவாயினும், அவர்கள் இத்தகைய பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு நிறை அளக்கும் கருவி, ஓர் அளவு நாடா, குருதி அமுக்கமானி, குருதி வெல்லப் பரிசோதனை ஆகியனவே அடிப்படைத் தேவைகள். மருந்து ஆரம்பிக்கும்போதும், அடுத்த சில மாதங்களிலும், அதன்பின் ஆண்டுதோறும் இவற்றை அளந்து அதே கொப்பியில் பதிந்துவிடலாம். அளந்தால் மட்டும் போதாது, அசாதாரணம் காணப்பட்டவுடன் சிகிச்சையும் தொடங்க வேண்டும் என்பது பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டு முதல் வலியுறுத்தப்பட்டு வரும் கோட்பாடு. நீரிழிவுக்குப் பயன்படும் மலிவான மருந்தான மெட்போர்மின், மருந்தினால் ஏற்படும் நிறை அதிகரிப்பையும் ஓரளவு கட்டுப்படுத்துகின்றது. உடல் நிறையைப் பெரிதும் பாதிக்காத, முற்றிலும் வேறு முறையில் தொழிற்படும் புதிய மருந்தொன்றுக்கு அமெரிக்கா 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அனுமதி வழங்கியது. அதன் விலையை நோக்குமிடத்து, நமது அரச வைத்தியசாலைகளை அது வந்தடைய நெடுங்காலம் செல்லலாம். 2022ஆம் ஆண்டில் அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியதை நாம் மறந்துவிடவில்லை. எனவே, கையிலுள்ளவற்றைக் கொண்டு செய்யக்கூடியதை இப்போதே செய்வதுதான் விவேகமாகும்.

வீட்டிலுள்ளோருக்கும் இதில் பங்குண்டு. இன்று நமது நாட்டில் உளப்பிளவு நோயாளரிற் பெரும்பாலானோரைப் பராமரிப்பது வைத்தியசாலையன்று, தாயும் சகோதரியும் மனைவியுமே. அவர் குரல்கள் கேட்பதாகச் சொல்கின்றாரா, உறங்குகின்றாரா என்று மட்டும் கவனித்து வந்த அவர்கள், இனி அவரது இடுப்புச் சுற்றளவையும் தாகத்தையும் மூச்சு வாங்குதலையும் கவனிக்க வேண்டும். கிளினிக்குக்குச் செல்லும்போது "இவரது குருதி வெல்லத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

மனநோயாளரை மனிதராக மதிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் ஒக்டோபரில் கூறி வருகின்றோம். அவருக்கும் ஓர் இதயம் உண்டு, அதுவும் நின்றுபோகக்கூடியது என்பதை ஏற்றுக்கொள்வதும் அம்மதிப்பின் ஒரு பகுதியே. அடுத்த மனநல தினத்துக்கு முன்னதாகவேனும், நாட்டிலுள்ள ஒவ்வொரு மனநலக் கிளினிக்கிலும் நிறையையும் குருதி அமுக்கத்தையும் குருதி வெல்லத்தையும் அளப்பதற்குச் சுகாதார அமைச்சு உறுதியான ஏற்பாடு செய்யுமா? நிதியைக் காட்டிலும் மனமே இதற்கு வேண்டும். உரியவர்கள் சிந்திப்பார்களாக.